செக்சன் அலுவலகத்திலிருந்து

இங்கிலாந்தில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் வைத்திருக்க மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு வைத்தியர்கள் பரிந்துரைக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநோயில் தேர்ச்சி உள்ளவர் என்று அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மூன்றாமவர் பெரும்பாலும் சமூகப் பணியாளர். விண்ணப்பம் அவருடையது. இந்தத் தாள்கள் வார்டுக்கு வந்து சேர்ந்ததும் அவற்றை வரிவரியாகச் சரிபார்ப்பது என் வேலை. பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா, இரு வைத்தியர்களும் தனித்தனியே பார்த்திருந்தால் இடையில் ஐந்து நாளுக்கு மேல் போய்விட்டதா, கையெழுத்தின் கீழே தேதி இருக்கிறதா என்று பார்ப்பேன். சில பிழைகளைப் பதினான்கு நாளுக்குள் திருத்தலாம். சில பிழைகளைத் திருத்தவே முடியாது. அப்படியானால் அந்தக் கணமே ஆளை வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. எத்தனையோ இரவுகள் வைத்தியர்கள் என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி கையெழுத்துப் போட வந்திருக்கிறார்கள்.

1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எனக்குத் தேவாரம் போல் மனப்பாடம். செக்சன், அதாவது சட்டப் பிரிவு, 2 என்றால் 28 நாள் வைத்திருக்கலாம். செக்சன் 3 என்றால் முதலில் ஆறு மாதம். செக்சன் 136 பொலிசாருடையது. பொது இடத்தில் மனநிலை பிறழ்ந்தவராகத் தெரியும் ஒருவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் அதிகாரம் அது. முன்பு 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம், 2017 டிசம்பரிலிருந்து 24. தென் லண்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாள்களை ஏற்றுக்கொண்டதற்கான படிவத்துக்கு 14 என்று பெயர். 2008 நவம்பரில் அது எச்3 ஆனது. 2020 டிசம்பரிலிருந்து எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றாகிவிட்டது. தாளின் வாசனை போய்விட்டது, பிழைகள் போகவில்லை.

அந்தச் சட்டத் தாள்களில் எங்கும் இனம் பற்றிய கேள்வி கிடையாது. பெயர், விலாசம், நெருங்கிய உறவினர் யார், ஏன் மருத்துவமனை வேண்டும், வேறு வழி ஏன் போதாது என்பவற்றோடு சரி. ஒருவர் கறுப்பரா வெள்ளையரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. அதைக் கேட்பது மருத்துவமனையின் பதிவு முறை. நோயாளியின் கோப்பில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஓர் எழுத்து. மருத்துவமனையில் தங்கும் எல்லோருக்கும் அதை நிரப்பவேண்டும் என்பது 1995 ஏப்ரலிலிருந்து விதி. இங்கிலாந்தின் மனநலத்தில் இன வேறுபாடு கூடியது, குறைந்தது என்று பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் கடைசியில் அந்த ஓர் எழுத்தில் வந்து நிற்கிறது.

எழுத்துகளின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2001 குடிசன மதிப்பீட்டின் பதினாறு பிரிவுகளைத்தான் தேசிய சுகாதார சேவை இன்னும் வைத்திருக்கிறது. ஏ என்றால் வெள்ளை பிரித்தானியர். எச் இந்தியர். எம் கரிபியர். என் ஆபிரிக்கர். பி என்றால் வேறு எந்தக் கறுப்பினத்தவரும். சொல்ல விரும்பாதவருக்கு இசட். குடிசன மதிப்பீடு 2011இல் அரபியரையும் நாடோடிச் சமூகத்தவரையும், 2021இல் ரோமா மக்களையும் சேர்த்துக்கொண்டு முன்னே போய்விட்டது. எங்கள் கணினி இருந்த இடத்திலேயே நிற்கிறது.

வார்டில் அந்தக் கட்டம் நிரம்பும் விதத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அட்டவணைகளில் அவ்வளவு பக்தி இருக்காது. விடியப்புறம் மூன்று மணிக்கு ஒருவரை ஐந்து பொலிசார் கொண்டுவருகிறார்கள். இரவுத் தாதி மருந்து, இரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் கேட்டு முடித்து இந்தக் கேள்விக்கு வரும்போது நோயாளி சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். தாதி முகத்தைப் பார்த்து ஓர் எழுத்தைப் போடுவாள், அல்லது இசட் போட்டுவிட்டு நாளை பார்க்கலாம் என்பாள். அந்த நாளை பெரும்பாலும் வருவதில்லை. ஐம்பதுகளில் ஜமேக்காவிலிருந்து கப்பலில் வந்த முதியவரிடம் கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி "பிரிட்டிஷ்" என்பார். புதிதாக வேலைக்கு வந்த பொடியன் ஏ என்று அடித்துவிடுவான். கணக்கில் அவர் அன்றிலிருந்து வெள்ளைக்காரர்.

இதிலும் பெரிய சிக்கல் பி. லண்டனில் பிறந்த கரிபியப் பெற்றோரின் மகன் தன்னைக் கறுப்பு பிரித்தானியன் என்பான். வார்டில் அவனுக்கு பி விழும். அதே பையனின் தாய் வீட்டில் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது கரிபியர் என்ற கட்டத்தில் குறியிட்டிருப்பாள். மருத்துவமனையில் பி நிறைய, ஊரில் பி கொஞ்சம். ஒன்றை மற்றதால் வகுத்தால் பி பிரிவின் விகிதம் ஆபிரிக்கரையும் கரிபியரையும் தாண்டி வானத்துக்கு ஏறி நிற்கும். ஆண்டறிக்கை வந்ததும் இளம் செய்தியாளர்கள் அந்தக் கோட்டைத்தான் முதலில் பிடிப்பார்கள். மூன்று கறுப்புப் பிரிவுகளையும் சேர்த்துப் பாருங்கள், தனித்தனியே பார்க்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

சரி, சேர்த்துப் பார்த்தால் கோடு எப்படிப் போகிறது?

2005இலிருந்து 2010 வரை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31ஆம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனநல வார்டுகளில் இருந்த எல்லோரையும் ஒருநாள் தலைகணக்கு எடுத்தார்கள். "கவுண்ட் மீ இன்" என்று அதற்குப் பெயர். அது பிறந்த கதை இது. டேவிட் பென்னட் என்ற ஜமேக்காவில் பிறந்த மனிதர் 1998இல் நார்விச் நகர மருத்துவமனை ஒன்றில் ஊழியர்கள் முகங்குப்புறப் பிடித்து அழுத்தியதில் இறந்தார். அந்த விசாரணை அறிக்கை 2004இல் வந்தது. அதையடுத்து அரசாங்கம் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க இந்தத் தலைகணக்கும் ஒரு வழி. மற்ற நாட்களில் கணினியில் தூங்கும் கட்டத்தை அன்று மட்டும் எல்லோரும் ஒழுங்காக நிரப்புவார்கள். ஆளிடமே போய்க் கேட்பார்கள். நான் கண்டவற்றில் சுத்தமான கணக்கு அதுதான். கறுப்பினத்தவரும் கறுப்பு–வெள்ளைக் கலப்பினத்தவரும் சராசரியைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். இந்தியரும் சீனரும் சராசரிக்குக் கீழே. முதல் ஆண்டும் அப்படி, ஆறாவது ஆண்டும் அப்படி. ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தது, கோடு அசையவில்லை. அதோடு எண்ணுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு 2016. அதுவரை செக்சன் எண்ணிக்கையை ஒவ்வொரு மருத்துவமனையும் கேபி90 என்ற தாளில் மொத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தது. 2015–16இல் 63,622. அடுத்த ஆண்டு ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் கணினி நேரே மேலிடத்துக்கு அனுப்பும் புதிய முறை. அந்த ஆண்டின் எண் 45,864. பதினெட்டாயிரம் பேர் ஓராண்டில் குணமாகிவிடவில்லை. எண்ணும் முறை மாறியது, பல இடங்கள் முழுக்க அனுப்பவுமில்லை. அறிக்கையை வெளியிட்டவர்களே முந்தைய ஆண்டோடு ஒப்பிடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

இதே கூத்து அண்மையிலும் நடந்தது. 2021–22இல் ஒரு இலட்சம் கறுப்பினத்தவருக்கு 342 பேர் செக்சனில், வெள்ளையரில் 72. ஏறத்தாழ ஐந்து மடங்கு. அடுத்த ஆண்டு 228, 64. மூன்றரை மடங்கு. ஒரு கூட்டத்தில் இதைப் பெரிய திரையில் போட்டு, கீழே இறங்கும் அம்புக்குறியைப் பச்சை நிறத்தில் காட்டினார்கள். எத்தனை பேருக்கு என்று வகுக்கும் சனத்தொகை எந்த ஆண்டினது என்று நான் கேட்டேன். அதுவரை 2011 குடிசன மதிப்பீட்டால் வகுத்தவர்கள் அந்த ஆண்டு 2021க்கு மாறியிருந்தார்கள். இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பினத்தவர் 19 இலட்சத்திலிருந்து 24 இலட்சமாகியிருந்தனர். அதே பானைச் சோற்றைக் கூடுதல் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வரும் கவளம் சிறுக்கத்தானே செய்யும். அந்த இறக்கத்தின் பெரும் பகுதி அதுதான். அப்படியானால் 342 என்பதும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஏற்றமும் கொஞ்சம் ஊதியவைதான். பழைய சனத்தொகையால் வகுத்துக்கொண்டே போனால் வளரும் சமூகத்தின் விகிதம் ஆண்டுதோறும் பெருத்துக் காட்டும்.

இதைக் கேட்டுச் சிலர் என்னைத் தங்கள் பக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். "பார்த்தீர்களா, எல்லாம் கணக்குக் கோளாறு, இன வேறுபாடு என்பதே கட்டுக்கதை" என்பார்கள். அப்படி இல்லை. தலைகணக்கில் எண்ணினாலும் கணினியில் எண்ணினாலும், பழைய சனத்தொகையால் வகுத்தாலும் புதியதால் வகுத்தாலும் இடைவெளி இருக்கிறது. ஆண்டுக்காண்டு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் எங்கள் தாள்களின் ஆட்டம், இடைவெளி மனிதர்களுடையது. அம்புக்குறியைக் கொண்டாடுகிறவரும் இடைவெளியை மறுக்கிறவரும் என் கண்ணுக்கு ஒரே ஆட்கள்தான். இருவரும் வார்டுக்கு வருவதில்லை.

ஏன் இந்த இடைவெளி என்று வைத்தியர்கள் சண்டை போட்டுத் தீரவில்லை. 1988இல் நொட்டிங்காமிலிருந்து வந்த ஆய்வு, கரிபியக் குடும்பத்தவரிடையே ஸ்கிசோஃப்ரீனியா பன்னிரண்டு மடங்குக்கும் மேல் என்றது. வைத்தியர்கள் கறுப்பரின் கோபத்தையும் பக்தியையும் நோயென்று எழுதுகிறார்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. இலங்கையில் பிறந்து லண்டனில் உளமருத்துவராக இருந்த சுமன் பெர்னாண்டோ 1988இலேயே இனவாதமும் உளமருத்துவமும் பற்றிப் புத்தகம் எழுதினார். அப்போது அவரைக் குழப்பக்காரராகப் பார்த்தவர்கள்கூட இன்று அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். பிறகு 1997 முதல் 1999 வரை தென்கிழக்கு லண்டன், நொட்டிங்காம், பிரிஸ்டல் மூன்று இடங்களில், நோயாளியின் இனம் தெரியாதபடி குறிப்புகளை எழுதிக் கொடுத்து நிபுணர்களை முடிவு செய்யச் சொன்னார்கள். அப்படியும் கரிபியருக்கு ஒன்பது மடங்கு, ஆபிரிக்கருக்கு ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இரத்தத்தில் இருக்கிறதோ என்றால் அதுவும் இல்லை. ஜமேக்கா, டிரினிடாட், பார்படோஸ் தீவுகளுக்கே போய்த் தொண்ணூறுகளில் பார்த்தார்கள். அங்கே அந்த உயரம் கிடையாது. இங்கே வந்தவர்களின் பிள்ளைகளிடம் அது குறையவும் இல்லை. 1932இல் ஓடெகார்ட் என்ற நோர்வே வைத்தியர், அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போன தன் நாட்டவரிடம் இந்த நோய் ஊரில் இருந்தவர்களைவிட அதிகம் என்று கண்டிருந்தார். நோர்வேக்காரர் வெள்ளையர் அல்லவா? 2001இல் தென் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் இன்னொன்று கண்டார்கள். சிறுபான்மையினர் செறிவாக வாழும் தெருக்களில் அவர்களிடையே நோய் குறைவு, அங்கொருவர் இங்கொருவராக வாழும் இடங்களில் அதிகம். எனக்கு இந்த ஆய்வில் நம்பிக்கை அதிகம். விலாசங்களைத் தினமும் பார்ப்பவள் நான்.

ஆனால் நோய் வருவது வேறு, செக்சனில் வருவது வேறு. வெள்ளைக்காரப் பையன் ஒருவன் முதல் தடவை பிதற்றத் தொடங்கினால் பெரும்பாலும் தாய் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போவாள், அவர் கடிதம் எழுதுவார். கறுப்புப் பையனின் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் பொலிஸ் இலக்கம் இருக்கும். நோய் ஒன்றே, வாசல் வேறு. பொலிஸ் வாசலால் வந்தவன் அடுத்த முறை தானாக வரமாட்டான். மருந்தை விடுவான், மறுபடியும் பொலிஸ். 2008இல் வந்த வெளிநோயாளர் கட்டளை, அதாவது வீட்டிலிருந்தபடியே மருந்து எடுக்கக் கட்டாயப்படுத்தி, தவறினால் திரும்ப அழைக்கும் ஏற்பாடு, இந்த வட்டத்தை உடைக்கும் என்றார்கள். 2013இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு, அதனால் திரும்ப அனுமதிக்கப்படுவது குறையவில்லை என்று கண்டது. அதற்குப் பிறகும் கட்டளைகளை எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2020ஐ ஒட்டிய அறிக்கைகளில் கறுப்பினத்தவர் மீது அது வெள்ளையரைவிடப் பத்து மடங்குக்கு மேல். பலனில்லை என்று தெரிந்த ஒன்றை ஒரு சாரார் மீது மட்டும் இவ்வளவு ஆர்வத்தோடு ஏன் போடுகிறார்கள் என்பதற்கு இன்றுவரை எந்த வைத்தியரும் எனக்கு நேராகப் பதில் சொன்னதில்லை.

2010இல் 23 வயது செனி லூயிஸ் தென் லண்டனில் மருத்துவமனைக்குத் தானாகப் போனவர். பொலிசார் பதினொருவர் அழுத்திப் பிடித்ததில் இறந்தார். பெற்றோர் பல ஆண்டுகள் போராடியதன் பின் 2018இல் அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் வந்தது. வார்டில் யாரைப் பலவந்தமாகப் பிடித்தாலும் எப்படி, எவ்வளவு நேரம், அவர் எந்த இனத்தவர் என்று பதியவேண்டும். சட்டம் இனத்தைக் கேட்கத் தொடங்கிய இடம் இது.

இனி எங்கள் ஆட்களின் கதைக்கு வருகிறேன். கொழும்பில், யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில் பிறந்த தமிழருக்கு எழுத்து எல். வேறு எந்த ஆசியரும் என்று பொருள். ஆப்கானியர், நேபாளிகள் எனப் பலரும் அதே எழுத்தில்தான். மதுரைத் தமிழருக்கோ எச், குஜராத்தியோடும் பஞ்சாபியோடும். மலேசியத் தமிழர் எந்த எழுத்தில் விழுவார் என்பது தாதியின் கையில். 2011 குடிசன மதிப்பீட்டில் தமிழைத் தம் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஒரு இலட்சம் பேர். அவர்களுடைய மனநலம் இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் வந்த காலத்திலிருந்து எப்படி மாறியது, 2009இல் போர் முடிந்த பிறகு என்ன ஆனது என்று மருத்துவமனைக் கணக்கில் ஒரு கோடுகூட வரைய முடியாது. எல் பிரிவின் விகிதம் உயர்ந்தால் அது காபூலாலா கிளிநொச்சியாலா?

ஆனால் ஆட்களை நான் பார்த்தேன். செக்சனில் இருப்பவருக்கு அவருடைய உரிமைகளை விளங்கும்படி சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு முதியவர், இரவு உடுப்போடு ரயில் நிலைய மேடையில் நின்றவரை 136இல் கொண்டுவந்திருந்தார்கள். கோப்பில் முரட்டுத்தனம், ஓட முயன்றார், மூன்று பேர் பிடித்தார்கள் என்று இருந்தது.

"பிள்ளை, இது மறியலோ?" என்றார்.

"மறியல் இல்லை ஐயா, ஆஸ்பத்திரி."

"நான் ஆரையும் அடிக்கேல்ல, களவெடுக்கேல்ல. பிறகேன் பூட்டி வச்சிருக்கினம்?"

"உங்களுக்குச் சுகமில்லை எண்டு நினைக்கினம். நீங்கள் அதை எதிர்த்துக் கேக்கலாம் ஐயா. லோயர் காசில்லாமல் வருவார்."

"லோயர் வேண்டாம். உடுப்புப் போட்டவையை அனுப்பாமல் விடச் சொல்லு."

சீருடை கண்டு ஓடுவதற்கு அவருக்கு ஊரில் எண்பதுகளின் இராணுவச் சுற்றிவளைப்புகளில் காரணம் இருந்தது. அதை யாரும் கேட்டு எழுதவில்லை. எழுதியிருந்தால் முரட்டுத்தனம் என்ற சொல் அந்தக் கோப்பில் ஏறியிருக்காது, அடுத்த மருத்துவமனையும் அதை அப்படியே நகலெடுத்திருக்காது. கறுப்புப் பையன்களின் கோப்புகளில் ஆண்டுக்கணக்காக நான் வாசித்த அதே சொல்.

அவருக்கு நெருங்கிய உறவினர் யார் என்று நிர்ணயிப்பதில் இன்னொரு பாடு. சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் துணை, அடுத்து பிள்ளைகளில் மூத்தவர், பிறகு பெற்றோர். மனைவி இல்லாதவர் அவர், மூத்த மகன் வேறு நாட்டில். சட்டம் இந்த நாட்டில் இல்லாதவரைக் கணக்கில் எடுக்காது. இளைய மகளுக்குத்தான் உரிமை என்றேன். "அண்ணா இருக்கேக்க நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது அக்கா" என்று அவள் தொலைபேசியில் தயங்கினாள். யாரை வைத்துக்கொள்வது என்று நோயாளியே சொல்லும்படி மாற்ற 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு மசோதா வந்தது. நல்ல மாற்றம். அந்த ஐயா யாரைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வெளிநாட்டில் இருக்கும் மகனைத்தான்.

லண்டன் ஹரோவில் ஒரு கோயில் மண்டபத்தில் மனநலம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழும்பி, லண்டனில் தற்கொலை செய்த எங்கள் பிள்ளைகள் இந்தப் பத்து வருசத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். இங்கிலாந்தில் மரணப் பதிவில் இனம் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்ததில்லை, பிறந்த இடம்தான் எழுதினார்கள் என்றேன். இங்கே பிறந்த பிள்ளை இங்கிலாந்து. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2011 குடிசன மதிப்பீட்டையும் மரணங்களையும் இணைத்து, வெள்ளையர், ஆசியர் என்ற பெரும் பிரிவுகளுக்குத் தற்கொலை விகிதம் சொல்லியிருக்கிறது. தமிழருக்கு என்று சொல்லவில்லை.

"அப்ப நாங்களே எண்ணலாமே?"

எண்ணிய ஒரு மக்கள் இருக்கிறார்கள் என்றேன். அமெரிக்காவின் அரிசோனாவில் வைட் மவுண்டன் அப்பாச்சி பழங்குடியினர். 2001இல் அவர்களுடைய சபை ஓர் ஆணை போட்டது. யார் தற்கொலைக்கு முயன்றாலும், அந்த எண்ணத்தைச் சொன்னாலும், பள்ளிக்கூடமோ வைத்தியசாலையோ உறவினரோ அதை ஒரே பதிவேட்டுக்கு அறிவிக்கவேண்டும். அவர்கள் இனத்தவரே வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் உதவி செய்தது. 2001–2006 காலத்தில் ஒரு இலட்சத்துக்கு 40 ஆக இருந்த தற்கொலை 2007–2012இல் 24.7 ஆனது. அதே காலத்தில் அமெரிக்கா முழுவதற்கும் விகிதம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குள் எழுத்துப் போட்டவர் அதே தெருவில் இருப்பவர், போட்ட கையோடு கதவைத் தட்டியவரும் அவரே.

வாத்தியார் யோசித்தார். கோயிலிலேயே ஒரு கொப்பி போடலாம், பெயர் வேண்டாம், வயசும் மாதமும் போதும் என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, பெயரில்லாவிட்டால் ஆரின்ர வீட்டுக் கதவைத் தட்டுறது என்று கேட்டார். அதற்கு அவரிடம் பதிலில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவையளுக்கு ஒரு சபை இருக்கு பிள்ளை. எங்களுக்கு ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை, அதிலயும் ரெண்டாப் பிரிஞ்சது. எந்தச் சங்கத்தின்ர கொப்பியில எழுதுறது?" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் செயலாளர் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை மூன்றாவது விடயமாகப் போடச் சொல்லி எழுதிக்கொண்டார்.